குதிரைக்குக் கொண்டை போட்ட குருவி

கடலோரக் காடு ஒண்ணுல பதினஞ்சு காட்டுக் குதிரைங்க இருந்துச்சு. அதுங்களுக்குத் தலைவி ஒரு வயசான பெண் குதிரை. பேரு செவத்தாயி. செவப்பு நிறம், அகலமான குளம்பு, எப்பவும் சிடுசிடுன்னு ஒரு மூஞ்சி.

ஒருநாள் காலையில அது குளத்துல குனிஞ்சு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்துச்சு. கடல் காத்து வந்து அதோட பிடரி முடியைத் தூக்கி ஒரு பக்கமாப் போட்டுச்சு. பின்னால நின்ன குட்டிங்க ரெண்டுக்கும் சிரிப்பு தாங்கல.

"டேய், பெரியம்மா கழுத்து தெரியுதுடா!"

"முடி எங்கடா? நேத்து இருந்துச்சே!"

"நேத்தும் இல்லடா. நேத்து காத்துதான் இல்ல!"

செவத்தாயி திரும்பி முறைச்சுச்சு. குட்டிங்க ஓடிடுச்சு. குளம் எங்க ஓடும்? அது அங்கயேதான் கெடந்துச்சு. அதுல செவத்தாயி தன் கழுத்தைப் பாத்துச்சு. பொறந்ததுலேருந்தே அதுக்கு மெல்லிசான முடி, நூல் நூலா. வயசுல அடர்த்தி இருந்ததால யாருக்கும் தெரியல. இப்ப இருபத்திரண்டு வயசு. பாதி உதிந்தாச்சு. மிச்சம் இருக்கறது நனைஞ்ச வைக்கோல் மாதிரி கழுத்தோட ஒட்டிக்கிட்டு கெடக்கு.

"இருந்தா ஒழுங்கா இரு! இல்லாட்டி மொத்தமாப் போய்த் தொலை! அது என்ன பாதி பாதி?"ன்னு தன் முடியையே திட்டுச்சு செவத்தாயி.

அந்தக் கோவத்துக்கு ஒரு காரணம் இருந்துச்சு. கோடை வரப்போகுது. கோடையில குளம் வத்திடும். அப்புறம் சேத்துவெளியைத் தாண்டி அந்தாண்ட இருக்கற நல்லதண்ணி ஊத்துக்குத்தான் போகணும். சேத்துவெளி பாக்கறதுக்குக் காஞ்ச தரை மாதிரி இருக்கும். ஒரு அடி தப்பினா உள்ள இழுத்துடும். அதனால அந்தக் கூட்டத்துல ஒரு வழக்கம். தலைவி முன்னால போகும். மத்ததெல்லாம் அதோட குளம்புத் தடத்துலயே கால் வெச்சு, ஒத்தை வரிசையாப் பின்னால வரும். பத்து வருசமா செவத்தாயிதான் முன்னால.

இந்த வருசம் பின்னால வர்ற பதினாலும் இந்தக் கழுத்தைப் பாத்துக்கிட்டேதானே வரும்? 'வயசாயிடுச்சு, இனிமே மயிலா போகட்டும்'னு யாராவது ஒருத்தர் வாயைத் திறந்தா போதும். மயிலாங்கறது ஆறு வயசுக் குதிரை. அதோட பிடரி முடி முழங்கால் வரைக்கும் தொங்கும்.

இதையெல்லாம் பக்கத்துப் புதர்ல உக்காந்து கேட்டுக்கிட்டு இருந்துச்சு ஒரு கொண்டைக்குருவி. பேரு சிங்காரி. தலையில கருப்புக் கொண்டை. வாய் மட்டும் ஓயவே ஓயாது.

"என்னக்கா, சோகமா இருக்க?"

"சோகம் இல்ல. கோவம்!"

"ரெண்டும் ஒரே எடத்துலேருந்துதான்க்கா வருது. முடியிலேருந்து!" சிங்காரி பறந்து வந்து கழுத்துல உக்காந்துச்சு. "இவ்வளவு மெல்லிசான முடியை யாராவது தொங்க விடுவாங்களா? நாலா வகுந்து, உள்ள பனைநார் வெச்சு, பழப் பிசினைத் தடவி, மேல தூக்கி ஒரு கொண்டை போட்டா எப்படி இருக்கும்! என்னைப் பாரு. எனக்கும் மெல்லிசுதான்."

"உனக்கு அது பொறந்ததுலேருந்தே இருக்குடி."

"பராமரிப்புக்கா, பராமரிப்பு!"

செவத்தாயி யோசிச்சுச்சு. "எனக்குத் தலையைக் கவனிக்கறதுக்கெல்லாம் நேரம் இல்ல. தொந்தரவு இல்லாததா ஒண்ணு சொல்லு."

"இதைவிடத் தொந்தரவு இல்லாதது எது? தினமும் காலையில ஒரு மணி நேரம் நீ சும்மா நின்னா போதும்! வேலையெல்லாம் என்னோடது!"

மறுநாளே வேலை ஆரம்பம். அலகால கோதுச்சு, இழுத்துச்சு, முறுக்குச்சு, பிசினை அப்புச்சு. வெயில் ஏறும்போது செவத்தாயி தலையில பலாப்பழம் அளவுக்கு ஒரு கொண்டை நின்னுச்சு. கூட்டமே வாயைப் பொளந்துச்சு. "மிடுக்கா இருக்கே!"ன்னு ஒரு கிழட்டு ஆண் குதிரை சொல்லுச்சு. செவத்தாயிக்கு உள்ளுக்குள்ள குளுந்துச்சு.

அன்னிக்குச் சாயங்காலம்தான் சிங்காரி சட்டதிட்டத்தை எடுத்து விட்டுச்சு.

"மண்ணுல பொரளக் கூடாதுக்கா. கலைஞ்சிடும். ஓடக் கூடாது. எதிர்க்காத்துல நிக்கக் கூடாது. கொண்டை நனையக் கூடாது. முக்கியமா, தலையைக் குனியவே கூடாது!"

"குனியாம எப்படிடி தண்ணி குடிக்கறது?"

"குளத்துக்குள்ள எறங்கி கழுத்து வரைக்கும் நின்னுக்க. வாய்க்கு நேரா தண்ணி வந்துடும்."

"மேயறது?"

"செடி கொடியைக் கடி. எல்லாம் உசரத்துலயே கெடைக்குது."

இப்படியாக, இருபத்திரண்டு வயசுல செவத்தாயி ஆடு மாதிரி புதரைக் கடிக்க ஆரம்பிச்சுச்சு. குளத்துல கழுத்தளவு தண்ணியில நிக்கும்போது, கரை வளைக்குள்ளேருந்து ஒரு நண்டு கண்ணை நீட்டிப் பாத்துச்சு.

"ஏம்மா, குளிக்கறியா, குடிக்கறியா?"

"உன் வேலையைப் பாருய்யா!"

"என் வேலையே பாக்கறதுதானே."

பொரளாததால உடம்பெல்லாம் உண்ணி. தூக்கிப் பிடிச்சுப் பிடிச்சுக் கழுத்து நரம்பெல்லாம் வலி. அதுவும் போதாதுன்னு, காலையில கோதும்போதெல்லாம் கொத்துக் கொத்தா முடி வந்துச்சு.

"என்னடி இவ்வளவு போகுது?"

"பழசு போனாத்தான்க்கா புதுசு வரும். நீ குப்பையைப் பத்திக் கவலைப்படாத. நானே எடுத்துட்டுப் போயிடறேன்."

'எவ்வளவு நல்ல மனசு!'ன்னு நெனைச்சுச்சு செவத்தாயி. அந்த மாசம் முழுக்க அதுக்குக் கோவம் வராம இருந்தது அந்த ஒரு நிமிசம்தான்.

கோடை வந்துச்சு. குளம் குட்டையாச்சு. கூட்டம் சேத்துவெளிக்குக் கிளம்புச்சு. அன்னிக்குன்னு சிங்காரி எப்பவும் போடறதைவிடப் பெரிய கொண்டையாப் போட்டு விட்டுச்சு.

"இன்னிக்கு எல்லாரும் உன்னையேதான்க்கா பாப்பாங்க. தலை நிமிந்தே இருக்கட்டும்!"

செவத்தாயி நிமிந்து நடந்துச்சு. இத்தனை வருசமும் அது மூக்கைத் தரையில வெச்சு, மோந்து மோந்துதான் போகும். கெட்டித் தரையில உப்பு வாசனை அடிக்கும். இழுக்கற சேத்துல கூமுட்டை நாத்தம் அடிக்கும். இந்தத் தடவை மூக்கு ஆகாசத்துல இருந்துச்சு. அங்க கடல் காத்து வாசனைதான்.

முப்பதாவது அடியில முன்னங்கால் ரெண்டும் உள்ள போச்சு.

"நில்லுங்க! எல்லாரும் நில்லுங்க!"ன்னு கத்துச்சு செவத்தாயி. அதுக்குள்ள பின்னால ஒட்டி வந்த குட்டி ஒண்ணு, தடத்துலயே கால் வெச்சு, அதே குழிக்குள்ள விழுந்துச்சு. வயிறு வரைக்கும் சேறு. குட்டி அலறுச்சு.

செவத்தாயி எல்லாத்தையும் மறந்துட்டுக் குனிஞ்சு குட்டியோட பிடரியைக் கவ்வப் போச்சு. கொண்டை சரிஞ்சு மூஞ்சியில விழுந்துச்சு. பிசினும் சேறும் பனைநாரும் கண்ணு ரெண்டையும் மூடிடுச்சு. கவ்வினது வெறும் சேத்தைத்தான். கடைசியில மயிலா கெட்டித் தரையில நின்னுக்கிட்டு எட்டிக் கவ்வி, குட்டியை இழுத்துக் கரையில போட்டுச்சு. செவத்தாயி தானா உந்தி உந்தி வெளியே வந்துச்சு.

மயிலாவுக்கு மூச்சு வாங்குச்சு. அது போட்ட சத்தம் காடு முழுக்கக் கேட்டுச்சு.

"பெரியம்மா! நாங்க உன் முடியைப் பாத்தா இத்தனை வருசம் பின்னால வந்தோம்? உன் மூக்கை நம்பி வந்தோம்! அதைக் கொண்டு போய் மேகத்துல வெச்சுக்கிட்டா நாங்க யாரை நம்பறது?"

தப்பாச் சொல்லியிருந்தா செவத்தாயி திட்டியிருக்கும். சரியாச் சொன்னதுதான் அதுக்கு இன்னும் கோவம்.

கூட்டம் தண்ணி குடிக்காம திரும்புச்சு. குட்டையில இருந்த கலங்கல் இன்னும் ஒருநாள் தாங்கும். திரும்பி வர்ற வழியில ஒரு புதர்ல 'கீச் கீச்'னு சத்தம். ஏதோ செவப்பாத் தெரிஞ்சுச்சு. செவத்தாயி மூஞ்சிச் சேத்தை முன்னங்கால்ல தேச்சுட்டு உள்ள எட்டிப் பாத்துச்சு.

ஒரு கூடு. உள்ள மெத்தை மெத்தையா, நூல் நூலா செவப்பு முடி. அது மேல மூணு குஞ்சுங்க ராசா மாதிரி படுத்திருந்துச்சு. பக்கத்துக் கெளையில இன்னொரு கூடு. அதுலயும் செவப்பு முடி. அதுக்கு மேல ஒண்ணு. சிங்காரியோட தங்கச்சி, சின்னம்மா, ஓரகத்தி, எல்லார் வீட்டுலயும் செவத்தாயியோட முடிதான்!

"சிங்காரி!"

கூப்பிட்ட சத்தத்துல பழம் உதிந்துச்சு. சிங்காரி நடுங்கிக்கிட்டே வெளியே வந்துச்சு.

"உதிந்ததாடி இது? நீ பிடுங்கினதா?"

"அக்கா... பாதி உதிந்தது..."

"மீதி?"

"தடிச்ச முடி குஞ்சுக்குக் குத்தும்க்கா. மயிலாவோடதெல்லாம் கம்பி மாதிரி. உன்னோடதுதான் மெத்து மெத்துன்னு இருந்துச்சு. இந்தக் காட்டுலயே உன்னோடதுதான்க்கா ஒசத்தி!"

"அடிப்பாவி! என் தலையில இருந்தப்ப வைக்கோலு, உன் கூட்டுக்கு வந்ததும் ஒசத்தியா? கேட்டிருந்தா குடுத்திருப்பேனேடி! ஒரு குட்டி உசுரு போகப் பாத்துச்சு, தெரியுமா?"

ஒரு உதை போதும், எல்லாக் கூடும் மண்ணோட மண்ணு. செவத்தாயி காலைத் தூக்கவும் செஞ்சுச்சு. குஞ்சுங்க மூணும், வர்றது அம்மான்னு நெனைச்சு வாயைப் பொளந்துச்சு. செவத்தாயி காலைக் கீழ வெச்சுச்சு. குஞ்சுங்க மேல கோவப்பட முடியலயேன்னு அதுக்கும் சேத்து ஒரு கோவம் வந்துச்சு.

"இனிமே என் கழுத்துல உக்காந்தா வாலால ஒரே அடி. போ!"

நேரா குட்டைக்கரைக்குப் போய், நண்டு வளை முன்னால தொப்புன்னு படுத்துச்சு.

"யோவ் நண்டு! வெளியே வாய்யா! உன் கொடுக்குல கூர் இருக்கா?"

நண்டு வெளியே வந்துச்சு. தலையைச் சுத்தி ஒரு தடவை நடந்து பாத்துச்சு.

"இது என்ன, முடியா, முட்டுச்சுவரா?"

"கேலி பண்ணாம வெட்டு!"

"எப்படி வெட்டணும்? காலையில எந்திரிச்சா தலைக்குன்னு எவ்வளவு நேரம் ஒதுக்குவ?"

"ஒதுக்க மாட்டேன்."

"மண்ணுல பொரளுவியா?"

"பொரளுவேன். நாளைக்கே பொரளுவேன். ஒரு மாசமா அரிக்குது!"

"அப்ப ஒட்ட வெட்டணும். நாலு விரல் உசரம். மெல்லிசான முடி நீளமா இருந்தா பாரம் தாங்காம படுத்துக்கும், உள்ள இருக்கற தோலைக் காட்டிக் குடுத்துடும். குட்டையா இருந்தா நிமிந்து நிக்கும். நனைஞ்சா ஒரு சிலுப்பு, காஞ்சிடும்."

"பாக்க எப்படி இருக்கும்?"

"முடி குட்டையா இருக்கற வயசான குதிரை மாதிரி இருக்கும். வேற எப்படி இருக்கணும்?"

முதல்முறையா செவத்தாயிக்குச் சிரிப்பு வரப் பாத்துச்சு. அடக்கிக்கிச்சு. "நெத்தி முடியை மட்டும் விட்டுடு. கண்ணுல ஈ வந்து மொய்க்குது."

"அது நியாயம்."

சடக், சடக்னு கொடுக்கு ஓடுச்சு. பிசினோட, பனைநாரோட, சேத்தோட கொண்டை மொத்தமும் கரையில விழுந்துச்சு. செவத்தாயி எந்திரிச்சு ஒரு சிலுப்பு சிலுப்புச்சு. கழுத்து காத்து மாதிரி லேசா இருந்துச்சு. குனிஞ்சு, வயிறு முட்டக் கலங்கல் தண்ணியைக் குடிச்சுச்சு. அப்புறம் மண்ணுல நாலு பொரளு பொரண்டுச்சு.

விடிஞ்சதும் கூட்டம் மறுபடி சேத்துவெளி ஓரத்துல நின்னுச்சு. "இனிமே மயிலாவே முன்னால போகட்டும்"னு அன்னிக்கு மிடுக்குன்னு சொன்ன அதே கிழட்டுக் குதிரை சொல்லுச்சு.

"எனக்கு முடிதான் இருக்கு மாமா, வழி தெரியாது"ன்னுச்சு மயிலா.

அப்ப செவத்தாயி வந்துச்சு. முள்ளம்பன்னி மாதிரி பிடரி குத்திட்டு நின்னுச்சு. குட்டிங்க வாயைப் பொத்திக்கிச்சு.

"சிரிக்கறவங்க இப்பவே சிரிச்சு முடிச்சுடுங்க! சேத்துக்குள்ள சிரிச்சா கால் தப்பும்! நேத்து விழுந்த குட்டி எங்க? நீ எனக்கு நேர் பின்னால வா. என் தடத்துல காலை வை. இன்னிக்கு அது சரியாத்தான் இருக்கும்."

குட்டி தயங்குச்சு. மயிலா அதை மூக்கால மெதுவாத் தள்ளி விட்டுச்சு.

செவத்தாயி மூக்கைத் தரையில வெச்சுச்சு. உப்பு. ஒரு அடி. உப்பு. இன்னொரு அடி. முப்பதாவது அடியில கூமுட்டை நாத்தம். "இதுதானா நேத்து என்னை முழுங்கப் பாத்தது!"ன்னு அதுக்கு ஒரு வசவு வெச்சுட்டு, இடது பக்கமா ஒதுங்குச்சு. பதினாலும் ஒதுங்குச்சு. வெயில் ஏறறதுக்கு முன்னால ஊத்துத் தண்ணி எல்லார் வாயிலயும் இருந்துச்சு. அங்க யாரும் யாரோட முடியையும் பாக்கல. குனிஞ்ச தலைங்க குனிஞ்சபடியே இருந்துச்சு.

சிங்காரி அதுக்கப்புறம் குதிரைங்க பக்கமே வரல. குட்டைக்கரையில கெடந்த முடியைக் கூட, நண்டு தூங்கற நேரம் பாத்து ஒண்ணு ரெண்டா எடுத்துட்டுப் போச்சு. செவத்தாயி பாத்தும் பாக்காத மாதிரி இருந்துச்சு. ஆனா கோவம் மட்டும் போகல. முன்னால நடக்கறதுக்கு அதுக்கு அந்தக் கோவம் தேவைப்பட்டுச்சு.

நம்ம வேலையைச் செய்யவிடாத அழகை யாராவது நம்ம தலையில ஏத்த வந்தா, ஒத்துக்கறதுக்கு முன்னாடி அவங்க கூட்டுக்குள்ள ஒரு தடவை எட்டிப் பாத்துடணும்.