விடாப்பிடி

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்த எல்லாவற்றுக்கும் வாய் உண்டு. எலும்பு முனகும், ஈரல் புலம்பும், இதயம் ஓயாமல் கட்டளை போடும். நிணக்குழாய் மட்டும் வாய் திறக்காது. பாவம், அதற்குக் காதும் மந்தம்.

ரத்தத்திலிருந்து கசிந்து காலடியில் தேங்கும் தெளிநீரைக் கழுத்து வரைக்கும் ஏற்றிவிடுவது அதன் வேலை. முதல் நாளே இதயம் கூப்பிட்டுச் சொன்னது: "இந்தா பார், எனக்கு ரத்தத்தைக் கவனிக்கவே நேரம் போதவில்லை. உன் வேலையை நீதான் விடாப்பிடியாகச் செய்யணும்."

நிணக்குழாயின் காதில் விழுந்தது, "விடாதே, பிடி" என்றுதான். தன் தசையை இறுக்கிப் பிடித்தது. பிடித்தது பிடித்ததுதான், விடவே இல்லை. அதன் நல்ல மனசை என்னவென்று சொல்ல!

அந்த உடம்பு சங்காயியுடையது. அவள் கடற்கரையில் நாற்பது பேரோடு நின்று கரைவலைக் கயிறு இழுப்பவள். நீர் ஏற வழியில்லாமல் அவள் வலது கால் பூசணிக்காயாக வீங்கியது. மணலில் ஊன்ற முடியவில்லை.

"நாளைக்கும் எழுந்திரிக்கலைன்னா உன் இடத்துல வேற ஆளை நிறுத்திருவாங்க புள்ளே," என்றான் புருஷன் பவளன். சங்காயி அழுதாள். அந்தக் கயிறுதான் அவளுக்கு எல்லாம்.

அழுதவள் ஈர மணலிலேயே கண்ணயர்ந்தாள். வலைக்காரர் பாட்டு அலையோடு வந்து வந்து போனது. "ஏலேலோ" என்றால் பிடி தளர்ந்து கை முன்னே போகும். "ஐலசா" என்றால் எல்லாக் கையும் சேர்ந்து இழுக்கும். தூக்கத்திலும் அவள் கை தளர்ந்து தளர்ந்து இறுகியது.

காலில் தேங்கிக் கிடந்த நீருக்கு அந்த அசைவு வந்து சேர்ந்தது.

"அட மக்கு நிணக்குழாயே! பிடியைத் தளர்த்தாமல் எவனாவது கயிறு இழுப்பானா?" என்று நீர் கத்தியது. செவிடன் காதில் ஊதிய சங்குதான். கத்திக் கத்தி ஓய்ந்த நீர், கடைசியில் சொல்ல வந்த சொல்லைத் தனக்குள்ளேயே கரைத்து, குழாயின் சுவரில் மெல்லத் தடவியது.

காதில் ஏறாத சொல் சுவையாக ஏறியது. அது "விடு" என்கிற சுவை.

நிணக்குழாய் நடுங்கியது. விட்டால் இதயம் ஏசுமே! இந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? ஆனது ஆகட்டும் என்று விட்டது. உடனே கீழே தேங்கிய நீர் குபுகுபுவென்று அதற்குள் நிறைந்தது. நிறைந்ததும் இன்னொரு சுவை வந்தது, "பிடி." பிடித்தது. நீர் ஒரு விரற்கடை மேலே ஏறியது. மறுபடி விட்டது, மறுபடி பிடித்தது.

"அட, இதுதானா சங்கதி!" என்று முதல் முறையாக வாய் திறந்தது நிணக்குழாய்.

பொழுது சாய்வதற்குள் வீக்கம் வற்றிவிட்டது. சங்காயி எழுந்து ஓடி, பவளனுக்குப் பின்னால் கயிற்றைப் பற்றினாள்.

"வந்துட்டியா?" என்றான் அவன், திரும்பிப் பார்த்து.

"பேசாம இழுங்க," என்றாள் சிரிப்பும் அழுகையுமாக.

அன்று முதல்தான் நிணக்குழாய் யார் கத்தினாலும் கேட்பதில்லை; நீரில் கரைந்து வரும் சொல்லுக்கு மட்டும் தளர்ந்து இறுகி, கரையில் பாட்டு ஓய்ந்த பிறகும் நமக்குள்ளே வலை இழுத்துக்கொண்டே இருக்கிறது.