பல்லில்லாத அட்டைகள்

பூங்கோதை பி.எட். மாணவி. வாதத்தில் தோற்றால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. ஆறாம் வகுப்பில் அவள் பாடம் நடத்துவதைப் பார்த்து மதிப்பெண் போட மறுநாள் தேர்வாளர் வருகிறார்.

சமான பின்னங்களுக்கென்று இருபத்துநான்கு அட்டைகள் செய்திருந்தாள். 1/2 ஓர் அட்டையில், 2/4 அதன் ஜோடியில். ஜோடியோடு மட்டும் பொருந்தும்படி விளிம்புகளைப் பல் பல்லாக வெட்டியிருந்தாள். ஒத்திகையில் பிள்ளைகள் நாலே நிமிடத்தில் எல்லாவற்றையும் சேர்த்துவிட்டார்கள்.

"பாத்தீங்களா மிஸ்? ஒரு தப்புகூட இல்ல!" என்றாள் பூங்கோதை.

வகுப்பாசிரியை ரஹ்மத் அவளைவிட நாலு வயதுதான் மூத்தவர். அட்டைகளைக் கலைத்தார். எண்கள் தெரியாதபடி அத்தனையையும் கவிழ்த்து வைத்தார்.

"இப்போ சேருங்க."

மூன்றே நிமிடம். பன்னிரண்டு ஜோடியும் சேர்ந்துவிட்டன.

பூங்கோதைக்குச் சுருக்கென்றது. "விளையாட்டுன்னா கொஞ்சம் துப்பு குடுக்க வேண்டாமா மிஸ்?"

ரஹ்மத் கத்தரிக்கோலை எடுத்து விளிம்புகளை நேராக நறுக்க ஆரம்பித்தார்.

"ஐயோ மிஸ்! மூணு நாள் வேலை!"

"தெரியுது. ஒரு பல்லுகூட கோணல் இல்ல" என்றார், நறுக்கிக்கொண்டே.

மறுபடி ஆட்டம். இந்த முறை வகுப்பே இரைந்தது.

"ஒண்ணு சின்னது, மூணு பெருசு. ரெண்டும் எப்படிடா ஒண்ணாகும்?"

"ஆறு துண்டுல மூணு எடுத்தா பாதிதானே, மண்டு!"

செல்வக்கனி என்ற பெண் 1/2, 2/4, 3/6, 4/8 நான்கையும் ஒரே குவியலாக்கி, மேலே கையை வைத்துப் பொத்திக்கொண்டாள்.

"ஜோடின்னா ரெண்டுதான், கனி" என்றாள் பூங்கோதை. "அரைக்கு நாலுல ரெண்டு. ஆறுல மூணுக்கு எட்டுல நாலு."

"நாலுமே பாதிதானே மிஸ்? இதுக்கு இதுதான் ஜோடின்னு யார் சொன்னா?"

"நான்தான் வெட்டி..." பூங்கோதை பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

மணி அடித்தது. பாதி அட்டைகள் சேராமலே கிடந்தன. பிள்ளைகள் சத்துணவுத் தட்டுகளை எடுத்துக்கொண்டு போனார்கள். வராந்தாவிலும் சண்டை ஓயவில்லை. கனியின் குரல்தான் மேலோங்கிக் கேட்டது.

பூங்கோதைக்குப் பொறுக்கவில்லை. "என்ன மிஸ் நியாயம் இது? பல்லு இருந்தப்போ எவ்வளவு அழகா முடிச்சாங்க! நாளைக்கும் இப்படியே நடந்தா தேர்வாளர் சும்மா இருப்பாரா? ஆட்டம் முடியலைன்னு எழுதுவார். வகுப்புல ஒரே சண்டைன்னு எழுதுவார். என் மார்க் போச்சு!"

ரஹ்மத் மேசைமேல் கிடந்த காகிதப் பற்களைக் கூட்டி அள்ளினார்.

"எழுதட்டும். எதைப் பத்திச் சண்டைன்னும் சேத்து எழுதச் சொல்லுங்க."