அடைக்கவா, உடைக்கவா

கோரைக்குளத்தின் கரையில் ஒரு மருதமரம். மேலே செவந்தி என்ற மந்தி குடியிருந்தாள். கீழே வேரடியில் ஓர் ஆமை குடியிருந்தார். முதுகில் இருக்கும் ஓட்டைத் தவிர வேறு சொத்து இல்லாததால் அவரை எல்லோரும் ஓட்டாண்டி என்றே கூப்பிட்டார்கள். அவரும் அதற்குக் கோபித்துக்கொண்டதில்லை.

போன தை மாதம் பறவைகளை எண்ண வந்த மனிதர்கள் ஒரு பையை மறந்து வைத்துவிட்டுப் போனார்கள். பைக்குள் ஒரு டேப்லெட், ஒரு சின்ன லேப்டாப், வெயிலில் வைத்தால் சார்ஜ் ஏற்றும் ஒரு தகடு. டேப்லெட்டைச் செவந்தி எடுத்துக்கொண்டாள். லேப்டாப் ஆமைக்கு வந்தது. திறந்தால் திறக்கும், மூடினால் மூடிக்கொள்ளும். தன்னைப் போலவே இருக்கிறதே என்று அவருக்கு அதன்மேல் தனிப் பாசம்.

வெயில் காலம் முழுக்கச் சண்டை இல்லை. வைகாசியில் மேகம் கூடியது. தகட்டில் ஏறும் சார்ஜ் ஒன்றுக்குத்தான் போதும் என்று ஆனது. அன்றைக்குத்தான் கேள்வி பிறந்தது. எது அதிகம் பயன்படும், டேப்லெட்டா, லேப்டாப்பா?

தவளைகள் நியாயம் கேட்க உட்கார்ந்தன.

"என்னுடையது இலை மாதிரி லேசு" என்றாள் செவந்தி. "ஒரு கையில் பிடித்துக்கொண்டு மறுகையால் கிளை தாவுவேன். உச்சியிலிருந்து படம் பிடிப்பேன். தொட்டால் போதும், உடனே முழித்துக்கொள்ளும். மாமாவுடையது எழுந்து கண்ணைத் துடைப்பதற்குள் நான் ரெண்டு மரம் தாண்டியிருப்பேன்."

"எழுந்திருக்க நேரமாகும்தான்" என்றார் ஆமை. "ஆனால் எழுந்தால் வேலை செய்யும். இதில் நிஜமான எழுத்துப் பொத்தான் இருக்கு. அழுத்தினால் அழுத்தினது தெரியும். ஒரு சேதியை ஒழுங்காக எழுதணும்னா இதுதான்."

"எழுதவே வேண்டாம் மாமா! பாதி எழுதினால் மீதியை இது தானாகவே சொல்லிடும். மூணு சொல்லைக் கீழே வரிசையாகக் காட்டும். வேண்டியதைத் தொட்டால் முடிந்தது."

"மீதியை நாம் சொல்லணும்னுதானே எழுதவே உட்காருகிறோம்?"

செவந்தி சிரித்தாள்.

பெருவாய்த் தவளை தொண்டையைச் செருமியது. "இதில் யோசிக்க என்ன இருக்கு? டேப்லெட்டில் எங்கள் பாட்டு கேட்கலாம். நாங்கள் குதிக்கிறதை நாங்களே பார்க்கலாம். லேப்டாப்பில் என்ன இருக்கு? எழுத்து. எழுத்தை யார் பார்ப்பார்கள்?"

தவளைகள் எல்லாம் ஒரே குரலில் கத்தின. வெயில் டேப்லெட்டுக்கு என்று தீர்ப்பானது. ஆமை மிச்சமிருந்த கொஞ்சம் சார்ஜ் வீணாகாமல் லேப்டாப்பை அணைத்து மூடினார். ஒரு நாளுக்கு ஒரு தடவை அதன்மேல் படிந்த மண்ணை மட்டும் துடைத்து வைத்தார்.

குளத்தின் மறுகரையில், கூழாங்கல் தரையில் ஆள்காட்டிப் பறவை ஒருத்தி அடைகாத்துக்கொண்டிருந்தாள். கூடு என்று ஒன்றும் இல்லை. தரையில் ஒரு சின்னக் குழி, குழியில் நான்கு முட்டை. அவ்வளவுதான் அவள் வீடு. பொரிக்க இன்னும் எட்டு நாள் இருந்தது.

அவளுடைய துணை போன வாரம் ஒரு பருந்தை விரட்டிக்கொண்டு போனான். பருந்து திரும்பி வந்தது. அவன் வரவில்லை.

மூன்று நாள் மழையில் மேலேரி நிறைந்தது. மேலேரிக்குக் காவல் நீர்நாய்கள். அவர்கள் மடையைத் திறந்துவிட்டார்கள். கோரைக்குளத்துக்குத் தண்ணீர் வந்தது. குளத்தில் எல்லோருக்கும் கொண்டாட்டம். ஆள்காட்டி மட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். காலையில் பத்தடி தள்ளி இருந்தது. உச்சிவேளைக்கு நான்கடி.

மேலேரி இரண்டு மைல். பறந்து போய்ச் சொல்லிவிடலாம். ஆனால் அவள் எழுந்தால் போதும் என்று எதிர்ப்பாறையில் ஒரு காகம் உட்கார்ந்திருந்தது. காலையிலிருந்து அது வேறெங்கும் பார்க்கவே இல்லை.

"செவந்தி! செவந்தி!" என்று கத்தினாள் ஆள்காட்டி.

செவந்தி டேப்லெட்டோடு ஓடிவந்தாள். விஷயத்தைக் கேட்டதும் டேப்லெட்டைத் தொட்டு எழுப்பினாள்.

"கவலைப்படாதே அக்கா. நீர்நாய்த் தலைவர் வாளைமுத்துவிடம் ஒரு பழைய போன் இருக்கு. இப்பவே சேதி அனுப்புறேன். என்ன எழுதணும்?"

"மடையை அடைக்கச் சொல்லு. எட்டே எட்டு நாள். மிஞ்சுகிற தண்ணீர் அந்தப் பக்கம் ஓடையில் போகட்டும். எட்டு நாள் கழித்து எவ்வளவு வேண்டுமானாலும் விடட்டும்."

செவந்தி முதலில் முட்டைகளைப் படம் பிடித்து அனுப்பினாள். பக்கத்தில் நிற்கும் தண்ணீரும் படத்தில் நன்றாகத் தெரிந்தது. லேப்டாப்பைத் தூக்கி வைத்துக்கொண்டு இப்படி ஒரு படம் எடுக்க முடியாது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எழுதினாள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. விரல் ஈரமாக இருந்தது. "மடையை" என்று எழுதியதும் டேப்லெட் கீழே மூன்று சொற்களைக் காட்டியது. திறக்கவும். உடைக்கவும். அடைக்கவும்.

செவந்தி தொட்டாள். அனுப்பினாள்.

"முடிந்தது அக்கா!"

"படித்துக் காட்டேன்."

"அதெல்லாம் சரியாகத்தான் இருக்கும்."

பதில் உடனே வந்தது. அதைச் செவந்தி சத்தமாகப் படித்தாள். "தங்கள் விருப்பப்படியே. பதினோரு பேர் சேர்ந்து மடையை உடைக்க ஆரம்பித்துவிட்டோம். வாளைமுத்து."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

செவந்தி தான் அனுப்பியதைத் திரும்பப் பார்த்தாள். "மடையை உடைக்கவும்" என்று இருந்தது. மடை உடைந்தால் மேலேரி மொத்தமும் இங்கே வந்து நிற்கும்.

அவசரமாக மறுபடி எழுதினாள். இப்போது தூறல் பெருத்திருந்தது. கண்ணாடியில் விழுந்த ஒவ்வொரு துளியும் ஒரு விரலாகிவிட்டது. அவள் ஒன்று தொட்டால் மழை வேறொன்றைத் தொட்டது. திரையில் உஉஉஉ என்று ஓடியது. துடைத்தாள். துடைத்த கையும் ஈரம்.

"என்னிடம் காட்டு" என்றாள் ஆள்காட்டி. முட்டையைவிட்டு எழாமல் கழுத்தை மட்டும் நீட்டி, "அ" என்ற எழுத்தை அலகால் கொத்தினாள். ஒன்றும் நடக்கவில்லை. இன்னும் பலமாகக் கொத்தினாள். டக் டக் என்று சத்தம்தான் வந்தது.

"அதுக்கு விரல்தான் தெரியும் அக்கா" என்றாள் செவந்தி மெதுவாக. "அலகு தெரியாது."

"நான் ஒருத்தி இங்கே இருப்பதே அதுக்குத் தெரியாதா?"

செவந்தி அதற்குமேல் நிற்கவில்லை. டேப்லெட்டை அப்படியே போட்டுவிட்டுக் குளத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினாள்.

"மாமா, லேப்டாப்பில் சார்ஜ் இருக்கா?"

"ஒரு சொட்டு இருக்கும். எதுக்கு?"

மூச்சு வாங்க அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தான் செய்த தப்பையும் மறைக்காமல் சொன்னாள்.

ஆமை அந்த லேப்டாப்பை யாரையும் தொடவிட்டதில்லை. ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு மூக்கால் அவள் பக்கம் தள்ளினார். "நான் தூக்கிக்கொண்டு வந்தால் குஞ்சுக்குக் கல்யாணமே ஆகிடும். நீ எடுத்துக்கொண்டு ஓடு. நான் பின்னாலேயே வருகிறேன்."

செவந்தி ஓடினாள். பாதி வழியில்தான் நினைவு வந்தது. "மாமா! கடவுச்சொல் என்ன?"

"மெதுவா!" என்று கத்தினார் ஆமை.

செவந்தி நடையைக் குறைத்தாள். கீழே போட்டுவிடுவேன் என்று பயப்படுகிறார் போல என்று நினைத்தாள். "சரி மாமா, மெதுவாகத்தான் போகிறேன். கடவுச்சொல்லைச் சொல்லுங்கள்!"

"அதான் சொல்கிறேனே, மெதுவா!"

"இதைவிட மெதுவாகப் போனால் நான்தான் ஆமை!"

"அடி மண்டூ, கடவுச்சொல்லே 'மெதுவா'தான்! நீ வேகமாக ஓடு!"

ஆள்காட்டியின் பக்கத்தில் லேப்டாப்பைத் திறந்து வைத்தாள் செவந்தி. தாமரை இலை ஒன்றைப் பறித்து வந்து குடைபோலப் பிடித்தாள். லேப்டாப் எழுந்தது. நிதானமாக எழுந்தது. காத்திருக்கிறவர்களின் அவசரம் அதற்கு என்ன தெரியும். தண்ணீர் ஓரடிக்கு வந்துவிட்டது. திரையின் மூலையில் சார்ஜ் ஐந்து என்று காட்டியது.

செவந்தி கடவுச்சொல்லைப் போட்டாள். "சொல்லு அக்கா. இந்தத் தடவை ஒவ்வொரு எழுத்தாக அடிக்கிறேன்."

"வேண்டாம்" என்றாள் ஆள்காட்டி. அவள் குரலில் கோபம் இல்லை. "போன தடவை உன் விரலால் சொன்னேன். இந்தத் தடவை நானே சொல்லிக்கொள்கிறேன்."

பொத்தான்களின் மேல் ஆமை எழுத்துகளை ஒட்டி வைத்திருந்தார். ஆள்காட்டி "அ" என்று இருந்ததைக் கொத்தினாள். திரையில் "அ" வந்தது. இன்னொரு தடவை கொத்தினாள். இன்னொரு "அ" வந்தது. அவளுக்குக் கண் கலங்கியது. வாழ்நாள் முழுக்கத் தரையில் எறும்பைக் கொத்தியே வளர்ந்த அலகு அது. எழுத்தைக் கண்டுபிடித்துவிட்டால் குறி தவறாது.

இரண்டாவது "அ"வை அழித்துவிட்டு எழுதினாள். "அடைக்கவும். மடையை அடைக்கவும். உடைக்க வேண்டாம். என் முட்டை இருக்கிறது. நான்கு."

அனுப்புமுன் ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். செவந்திக்குத் தவிப்பாக இருந்தது. சார்ஜ் இரண்டு என்று காட்டியது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

அனுப்பினாள். திரை அணைந்தது.

போய்ச் சேர்ந்ததா என்று யாருக்கும் தெரியாது. மூன்று பேர் காத்திருந்தார்கள். மந்தி, பறவை, பாறைமேல் காகம்.

தண்ணீர் குழியின் விளிம்பைத் தொட்டது. ஆள்காட்டி சிறகை விரித்து மண்ணை அணைத்துக்கொண்டாள். தண்ணீர் உள்ளே கசிந்தது. ஓரத்தில் இருந்த முட்டை ஒன்று மெல்ல மிதந்து நகர்ந்தது. செவந்தி பாய்ந்து பிடித்தாள். பிடித்துக் கொண்டுவந்து வைத்தாள். ஆனால் அது சில்லிட்டுப் போயிருந்தது.

அதற்குமேல் தண்ணீர் ஏறவில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு விரல் இறங்கியது. பிறகு இன்னொரு விரல். காகம் எழுந்து போய்விட்டது.

மாலையில் ஓடை வழியாக நீந்திக்கொண்டு வாளைமுத்துவே வந்தார். உடம்பெல்லாம் சேறு. தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"முதல் சேதியை நம்பிப் பாதிக் கல்லை எடுத்துவிட்டோம் தாயி. அப்புறம் ரெண்டாவது வந்தது. எதை நம்புவது? உடை என்கிறது ஒன்று, அடை என்கிறது இன்னொன்று. அப்போதுதான் முட்டை என்ற சொல்லைப் பார்த்தேன். முதலில் வந்த படத்திலும் முட்டை. உடனே எல்லோரும் மடையில் முதுகைக் கொடுத்து நின்றுவிட்டோம். பலகையைப் போட்டு அடைத்த பிறகுதான் நகர்ந்தோம். எட்டு நாளைக்குத் திறக்கமாட்டோம்."

ஆள்காட்டி தலையை அசைத்தாள்.

அவர் போன பிறகுதான் ஓட்டாண்டி வந்து சேர்ந்தார். "என்ன ஆச்சு? என்ன ஆச்சு?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். செவந்தி சொன்னாள். சில்லிட்ட முட்டையையும் காட்டினாள். ஆமை ரொம்ப நேரம் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

மறுநாள் செவந்தி தகட்டின் வயரை டேப்லெட்டிலிருந்து தானே கழற்றிக் கொண்டுவந்தாள். "இனிமேல் வெயில் உங்களுக்கு மாமா."

"உன் படம் இல்லை என்றால் என் எழுத்தை யாரும் நம்பியிருக்கமாட்டார்கள்" என்றார் ஆமை. "என்னுடையதுக்கு முதலில் ஏற்று. மிஞ்சினால் உன்னுடையதுக்கு. மிஞ்சும், பார்."

பெருவாய்த் தவளைக்கு மனசு ஆறவில்லை. அது தத்தித் தத்தி மறுகரைக்கே போனது. "நீயே சொல்லு ஆள்காட்டி. ரெண்டில் எது உசத்தி?"

"உசத்தி எது என்று எனக்குத் தெரியாது" என்றாள் அவள். "அலகால் தட்டினேன். ஒன்று கேட்டுக்கொண்டது. அவ்வளவுதான்."

எட்டாம் நாள் மூன்று முட்டை பொரித்தன. குஞ்சுகள் ஈரம் காயும் முன்பே எழுந்து ஓடின. ஆள்காட்டி அவற்றின் பின்னால் ஓடினாள். ஓடும்போது ஒருமுறை மட்டும் நின்று குழியைத் திரும்பிப் பார்த்தாள்.

தவிப்பில் இருப்பவர் தாமே தட்டித் தாமே பேச முடிகிற கருவி எதுவோ, அதுவே அவருக்குப் பயன்படும் கருவி.