தண்ணீர் கேன் மாட்டிய இடம்

கடலுக்குள் நிற்கும் எண்ணெய் மேடைக்கு இரும்புக் கால் செய்கிற யார்டு அது. அங்கே வெல்டிங் சொல்லிக்கொடுத்த பிரகாசி டீச்சரிடம் படித்தவர்களில் சுடலைமுத்து டீச்சரைவிடவே வயதில் மூத்தவர். அதற்கு முன் ஊரில் இரும்பு கேட்டும் ஜன்னல் கிரில்லும் அடித்துக்கொண்டிருந்தார்.

மேடைக்காலில் அவர் போட்ட முதல் பெரிய ஜாயின்ட் எக்ஸ்ரேயில் தேறிவிட்டது. பக்கத்தில் பெயின்ட் பேனாவால் தன் வெல்டர் நம்பரைக் கொட்டை கொட்டையாக எழுதிவிட்டுக் கேட்டார்.

"டீச்சர், என் ஜாயின்ட் எத்தனை வருஷம் தாங்கும்?"

பிரகாசி ஜாயின்ட்டைப் பார்க்கவில்லை. ஒரு முழம் தள்ளி, பெயின்ட்டின் மேல் உள்ளங்கையை ஓட்டினார். ஓரிடத்தில் கை நின்றது.

"இங்க என்ன அண்ணாச்சி?"

"கொக்கி ஒண்ணு பத்தவச்சிருந்தேன். தண்ணி கேன் மாட்ட. வேலை முடிஞ்சதும் சுத்தியலால தட்டி எடுத்துட்டேன்."

"மேல பெயின்ட்?"

"அசிங்கமா இருந்துச்சு."

பிரகாசி சுடலைமுத்துவின் சாப்பாட்டுப் பையிலிருந்து ஊறுகாய் பாக்கெட்டை எடுத்து நீட்டினார். "பல்லு வைக்காமக் கிழிங்க."

இழுத்தார். வழுக்கியது. முறுக்கினார். எரிச்சலில் ஓரத்தை ஒரு கடி கடித்து இழுத்தார். அடிவரை கிழிந்து எண்ணெய் சட்டையில் கொட்டியது.

"இப்ப மட்டும் எப்படி வந்துச்சு?"

"பல்லு பட்ட இடத்துலேருந்து வந்துச்சு. அதுக்கு? இது நாலு விரல் கனம் இரும்பு டீச்சர். ஊறுகா பாக்கெட்டா?"

"நீங்க ஒரு தடவை இழுத்தீங்க. அலை விடாம இழுக்கும்."

சுடலைமுத்துவுக்குச் சுர்ரென்று ஏறியது. "சாயங்காலம் பார்ஜ் கப்பல் கிளம்புது. கால் அதுல ஏறலன்னா சூப்பர்வைசர் என்னை வெளிய தள்ளிருவான். கட்டைவிரல் அளவு இடம். இதை மட்டும் விடுங்க. அடுத்த கால்ல ஒரு பொட்டுகூட இல்லாமத் தர்றேன்."

"சரி. அப்ப இங்கயும் உங்க நம்பரை எழுதிருங்க."

சுடலைமுத்து பேனாவைத் திறந்து குனிந்தார். முனை இரும்பைத் தொடவில்லை. பேனாவை மூடிப் பையில் போட்டார். கிரைண்டரை எடுத்தார்.

பெயின்ட் போனது. விரிசல் இருந்தால் தெரிய, சிவப்புச் சாயம் பூசித் துடைத்து, மேலே வெள்ளை மருந்து அடித்தார்கள். வெள்ளைக்குள்ளிருந்து தலைமுடி கனத்துக்கு ஒரு சிவப்புக் கோடு எழுந்து வந்தது.

சூப்பர்வைசர் ஓடிவந்தார். "யார்யா நிறுத்தச் சொன்னது?"

"நான்தான். இந்தக் கோடு போகாம கால் ஏறாது," என்றார் சுடலைமுத்து. தலையைத் தூக்கவில்லை.

பார்ஜ் போய்விட்டது. கிரைண்டரால் தேய்த்துக் கோட்டை முழுக்கப் போக்கிய பிறகுதான் சுடலைமுத்து கண்ணாடியைக் கழற்றினார்.

"நாளைக்கு எனக்கு இங்க வேலை இருக்கோ இல்லையோ, கேட்டதுக்கு நீங்க பதில் சொல்லல டீச்சர். என் ஜாயின்ட் எத்தனை வருஷம் தாங்கும்?"

"நீங்க கேன் மாட்டுன இடம் தாங்குற வரைக்கும், அண்ணாச்சி."