இரண்டு விரல் நுரை

புதுச்சேரியில் ஒரு பாரில் அந்துவான் சப்ளையர். கான்ட்ராக்டர் தெய்வசிகாமணி உள்ளே வந்தால் அங்கே நாற்காலிகூடச் சத்தம் போடாது.

அன்று அவர் கோதுமை பீர் கேட்டார். அந்த வகைக்கு உரிய முறைப்படி, மேலே இரண்டு விரல் உயரம் நுரை நிற்க ஊற்றி வைத்தான் அந்துவான். கான்ட்ராக்டர் மேசையைத் தட்டினார்.

"நுரையைக் காட்டிப் பாதி பீரை ஏப்பம் விடப் பாக்கிறியா? துளி நுரை இல்லாம விளிம்பு வரைக்கும் ஊத்து. இல்லேன்னா இன்னிக்கே உன் சீட்டு கிழிஞ்சிடும்!"

"நீங்க கேட்டபடியே சார்."

வேறொரு கிளாஸை நனைத்து, சாய்த்துப் பிடித்து, ஓரமாக மெல்ல வழியவிட்டான். விளிம்பு வரை பீர், நுரையே இல்லை.

"ஊத்துறதுன்னா இது!" என்று ஒரே மூச்சில் குடித்தார் கான்ட்ராக்டர். பாருக்கே பாடம் எடுக்க எழுந்து நின்று வாயைத் திறந்தார். சோடா பாட்டில் வெடித்த மாதிரி ஓர் ஏப்பம் வந்தது. எல்லா மேசையும் திரும்பிப் பார்த்தது.

"கிளாஸ்ல பொங்கி அடங்க வேண்டியது வயித்துல பொங்குது சார்," என்றான் அந்துவான் பணிவாக. "இப்போ சொல்லுங்க, ஏப்பம் விட்டது யாரு?"

பதில் சொல்ல வாயைத் திறந்தார். இன்னொன்று வந்தது. வாயை இறுக மூடிக்கொண்டு, அடுத்த கிளாஸுக்கு இரண்டு விரலைக் காட்டினார்.