இல்லாத ஆள் வைத்த குழம்பு

துறைமுகத்தை நீட்டப் போகிறார்கள் என்று சொன்னதுதான் தாமதம், மணல்திட்டில் இருந்த குடும்பமெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டு கரைக்குப் போய்விட்டது. கித்தேரியான் மட்டும் போகவில்லை. பேச்சுத்துணைக்கு அலைச் சத்தம்தான்.

ஒருநாள் கடலாய்வு அதிகாரி மகிழ்மாறன், ஒப்புதல் தரும் குழுவோடு படகில் வந்து இறங்கினார். மணலில் நின்று அறிக்கையை உரக்க வாசித்தார்: "இங்கே மீனும் இல்லை, மனிதரும் இல்லை. கடலைத் தோண்டினால் யாருக்கும் பாதிப்பில்லை."

வாசித்த வாய் மூடுமுன்னே கித்தேரியானை அதட்டினார். "ஏய், பசிக்குது. இங்கேயே மீன் பிடிச்சுக் குழம்பு வை!"

சோறு வந்தது, குழம்பும் வந்தது. அதிகாரி துழாவித் துழாவிப் பார்த்தார், வெறும் புளித்தண்ணி.

"மீன் எங்கேடா?"

கித்தேரியான் கைகட்டி நின்றான். "இல்லாத ஆளு குழம்பு வச்சதே பெரிசுங்கய்யா. இல்லாத மீனையும் பிடிச்சுப் போடச் சொன்னா எப்படி?"

குழுத்தலைவி சிரிப்பை அடக்கிக்கொண்டு அறிக்கையைத் திருப்பிக் கொடுத்தார். "மறுபடியும் ஆய்வு பண்ணுங்க சார்."

படகு கிளம்பியது. போய் வருகிறோம் என்று அவனிடம் ஒருவரும் சொல்லவில்லை.

கித்தேரியான் குடிசைக்குப் பின்னால் மூடி வைத்திருந்த வாளியைத் தூக்கிவந்து, அதில் சுற்றிக்கொண்டிருந்த விளைமீனைக் கடலில் விட்டான்.

"போ. ரொம்பத் தூரம் போயிராத. இங்க இருக்கிறது நாம ரெண்டு பேருதான்."