எதிரியின் போனில் ஏற்றிய செய்தி

குருவுக்கு இருபத்தாறு வயது. சிஷ்யருக்கு ஐம்பத்திரண்டு. அது அவர்கள் பாடு.

குரு ரெஜினா, துறைமுகத்தில் போனும் ஜிபிஎஸ்ஸும் பழுதுபார்க்கிறவள். சிஷ்யர் லூர்துராயன், ஐஸ் லாரி ஓட்டிக் கை ஒடிந்தபின் தொழில் கற்க வந்தவர்.

கடலுக்குள் டவர் கிடையாது. அதனால் எல்லாப் படகுக்காரர் போனிலும் ரெஜினா ஒரு செயலி போட்டிருந்தாள். இரண்டு படகுகள் கிட்டத்தில் வந்தால் போன்கள் தாமாகவே செய்தியைக் கைமாற்றிக்கொள்ளும். யாருக்கு அனுப்பியதோ அவர் மட்டும்தான் படிக்க முடியும். சுமந்து போகிறவருக்கு ஒன்றும் தெரியாது.

அன்று காலை படகுக்காரன் அமல்தாஸின் அம்மாவை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனார்கள். சாயந்திரம் தாண்டாது என்று சொல்லிவிட்டார் டாக்டர். மகனைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். மகன் கடலில்.

"நாலு படகுக்காரங்க போன்ல சேதிய ஏத்தி அனுப்பிட்டேன், குருவே," என்றார் சிஷ்யர். "நாலு பேரும் அவனுக்கு உயிருக்கு உயிரான கூட்டாளிங்க."

"சரி. சூசைமிக்கேல் இன்னும் கிளம்பலயே?"

"அவனா! அமல்தாஸ் மீன் பிடிக்கிற இடத்தை எல்லாம் திருடுனவன். ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு மூணு வருசம் ஆச்சு."

பழுதுக்குக் கொடுத்திருந்த ஜிபிஎஸ்ஸை வாங்க சூசைமிக்கேலே வந்து நின்றான். ரெஜினா அவன் போனையும் கேட்டாள். "புதுசா ஒண்ணு ஏத்தணும்ணே."

"சீக்கிரம் குடு. வெயில் ஏறுது."

ஏற்றினாள். கொடுத்தாள். அவன் போய்விட்டான்.

"வாயாலயாவது சொல்லியிருக்கலாம்," என்றார் சிஷ்யர்.

"அமல்தாஸ் பேரை எடுத்தாலே வீம்புக்கு வேற பக்கம் போயிடுவான்."

"கூட்டாளிங்க கொண்டு சேக்காததையா இவன் போன் சேக்கப்போகுது?"

"கூட்டாளிங்க ஆளுக்கொரு திசையில போவாங்க. இவன் திருடுன இடத்துலதானே வலை போடுவான்?"

சிஷ்யருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

மூன்று மணிக்கு ஒரு படகு கரைக்கு வந்தது. சூசைமிக்கேலின் படகு. அவனுடைய எஞ்சின்தான் பெரிது. முன்னால் அமல்தாஸ் உட்கார்ந்திருந்தான். படகில் ஒரு மீன் இல்லை. குதித்து இறங்கி இருவரும் ஒரே பைக்கில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள்.

அம்மா கண் திறந்து மகனைப் பார்த்தாள் என்று பிறகு சொன்னார்கள்.

சிஷ்யருக்கு ஒரு சந்தேகம் வந்தது.

"சேதியை அமல்தாஸ் மட்டுந்தானே படிக்க முடியும், குருவே? அந்த வீம்புக்காரனுக்கு யார் சொன்னா?"

ரெஜினா கையிலிருந்த போனைக் கீழே வைத்தாள்.

"பக்கத்துல ஒருத்தன் அழுதா கேக்காதாண்ணே?"